சொத்தைப் பல் ஏன் உடைகிறது? உடைந்தால் என்ன செய்வது?

‘களத்தில் காயும் நெல் பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். நெல் உடைந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். துப்பிப் பார்த்தால் பல்லில் பாதி வந்துவிட்டது. ஒரு நெல்மணிக்கா பல் உடையும்?’

டெல்டா வாசகர் ஒருவரின் கேள்வி இது. வேளாண்மை இதழில் பல்லைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நெல், உளுந்து, நிலக்கடலை, புளியங்கொட்டை என்று எதன் காய்ச்சலையும் பல்லில் வைத்துப் பார்ப்பவர்கள் நாம். சொட்டுநீர்க் குழாயின் முடிச்சு, சாக்குத் தையல், மருந்துப் பாக்கெட் என எல்லாவற்றையும் பல்லால் இழுக்கிறவர்களும் நாம்தான். பல் நமக்கு ஒரு கருவி. ஆனால், மண்வெட்டிக்குப் பிடி மாற்றுகிற அளவுக்குக்கூட அதை நாம் கவனிப்பதில்லை.

வாசகரின் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: பல்லை உடைத்தது நெல்மணி அல்ல. பல மாதங்களாக, சில சமயம் வருடக்கணக்காக, உள்ளே அரித்துக்கொண்டிருந்த சொத்தைதான் உடைத்தது. நெல்மணி வெறும் சாக்கு. இதைப் புரிந்துகொண்டால் அடுத்த பல்லைக் காப்பாற்றிவிடலாம்.

பல்லும் ராக் பாஸ்பேட்டும் ஒரே இனம்

பல்லின் மேல் உறையை எனாமல் என்கிறோம். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். அந்தத் தாது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அபடைட் வகை. நாம் மணிச்சத்துக்காக இடுகிற ராக் பாஸ்பேட்டும் இதே அபடைட் குடும்பம்தான்.

ராக் பாஸ்பேட்டை எந்த மண்ணுக்குப் பரிந்துரைப்போம்? நீலகிரித் தேயிலைத் தோட்டம், கன்னியாகுமரி ரப்பர் தோட்டம் போன்ற அமில மண்ணுக்கு. அங்கே மண்ணின் அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பயிருக்குக் கொடுக்கும். களர் நிலத்தில் அதே பொருளைக் கொட்டினால் கல் மாதிரி அப்படியே கிடக்கும். அபடைட்டைக் கரைக்க அமிலம் வேண்டும்.

வாயிலும் இதே கணக்குதான். நாம் சாப்பிடும் சர்க்கரை, வெல்லம், மாவுப்பண்டம் ஆகியவற்றின் மிச்சம் பல்லிடுக்கில் தங்குகிறது. பல்லின் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலமாக வெளியேற்றுகின்றன. சில நிமிடங்களிலேயே பல்லைச் சுற்றியுள்ள பி.எச். அளவு இறங்கிவிடும். மண் பரிசோதனை அட்டையில் பி.எச். 5.5 என்று வந்தால் ‘அமில மண், சுண்ணாம்பு இடுங்கள்’ என்போம் இல்லையா? எனாமல் கரையத் தொடங்கும் எல்லையும் ஏறக்குறைய அதே 5.5தான்.

வயலுக்குச் சுண்ணாம்பு போல, வாய்க்கு உமிழ்நீர். அது அமிலத்தை முறித்து, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் பல்லில் படிய வைக்கும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அவகாசம் வேண்டும். காலை 6 மணிக்கு ஒரு டீ, 8 மணிக்கு இன்னொன்று, 11 மணிக்கு டீயோடு பன், மத்தியானம் கடலை மிட்டாய், மாலையில் மறுபடியும் டீ என்று போனால் உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்பதைவிட, எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பதுதான் முக்கியம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் உமிழ்நீரும் குறைந்துவிடும். இரத்த அழுத்தம், அலர்ஜி போன்றவற்றுக்கான சில மாத்திரைகளும் வாயை உலர வைக்கும்.

கூன்வண்டு புகுந்த தென்னை

எனாமலுக்கு அடியில் டென்டின் என்ற அடுக்கு இருக்கிறது. அது எலும்பு போன்றது. எனாமலைவிட மென்மையானது; தாதுப்பொருளும் குறைவு. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள உயிர்ப்பகுதி. எனாமல் கண்ணாடி மாதிரி: கடினம், ஆனால் வளையாது. அடியில் டென்டின் தாங்கிப் பிடித்திருப்பதால்தான் அது நொறுங்காமல் நிற்கிறது.

சொத்தை எனாமலை மெதுவாகத்தான் துளைக்கும். டென்டினைத் தொட்டதும் வேகம் எடுத்துப் பக்கவாட்டில் பரவும். வெளியே பார்த்தால் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி. உள்ளே பெரிய பொந்து. தென்னையில் சிவப்புக் கூன்வண்டு செய்கிற வேலை இதுதானே? மட்டை பசுமையாக இருக்கும், காய் காய்க்கும், தண்டில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் தெரியும். ஒரு நாள் காற்றில் கொண்டை சாய்ந்துவிடும். காற்றைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

அப்படி அடித்தாங்கல் இல்லாமல் வெறும் ஓடாக நிற்கும் எனாமல்தான் கடிக்கும்போது உடைகிறது. கடைவாய்ப் பற்களால் அழுத்திக் கடிக்கும்போது 50 கிலோவுக்கும் மேற்பட்ட விசை அங்கே விழும். நல்ல பல் அதைத் தாங்கும். பொந்து விழுந்த பல்லுக்கு இட்லி சாப்பிடும்போதுகூட உடைய நேரம் வரலாம்.

சொத்தையோடு சேர்ந்து பல்லைப் பலவீனப்படுத்துகிறவை இன்னும் சில உண்டு:

• பழைய, பெரிய அடைப்பு. அதைச் சுற்றியுள்ள பல் சுவர் மெலிந்திருக்கும். ஓரத்தில் புதிதாகச் சொத்தை பிடிப்பதும் உண்டு.

• வேர் சிகிச்சை செய்துவிட்டு, கேப் போடாமல் விட்ட பல். வலி போய்விட்டது என்று பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சொத்தையாலும் சிகிச்சையாலும் உட்பகுதி குறைந்த பல் அது. மூடி போடாவிட்டால் பிளந்துவிடும்.

• தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம்.

• கொட்டைப்பாக்கு கடிப்பது, எலும்பு கடிப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது.

• செங்கல் தூள், சாம்பல், உமிக்கரி போட்டுத் தேய்ப்பது. நெல் உமியில் சிலிக்கா அதிகம். உமிச் சாம்பலில் பெரும்பகுதி அதுதான். உப்புத்தாள் போட்டு மரத்தை இழைப்பது போல அது எனாமலை இழைத்துவிடும்.

பயிர்க் கணக்கு பல்லுக்குப் பொருந்தாது

விவசாயிகள் சொத்தையைத் தள்ளிப்போடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பயிரில் நமக்குப் பழக்கமான ஒரு பொறுமையும் காரணம். நெல்லில் ஆரம்பத் தூர் பருவத்தில் குருத்துப்பூச்சி கொஞ்சம் தாக்கினால் நாம் பதறுவதில்லை. புதுத் தூர் வெடித்து அது ஈடுகட்டிவிடும். பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால்தான் மருந்து என்று நாங்களும் சொல்கிறோம். அது சரியான அறிவுரை.

ஆனால், பல்லுக்குத் தூர் வெடிக்காது. எனாமலில் உயிருள்ள செல் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் உடைந்தால் உடைந்ததுதான். பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தழும்பு தெரியும் ஆரம்ப நிலையில் மட்டும், ஃபுளோரைடு பற்பசையும் உமிழ்நீரும் அதைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. குழி விழுந்துவிட்டால் தானாக மூடாது.

இதில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. ஆரம்பத்தில் சொத்தை வலிக்காது. டென்டினை அடைந்ததும் குளிர்ச்சி, சூடு, இனிப்பு பட்டால் கூசும். நரம்பை நெருங்கியதும் இரவில் தூங்கவிடாது. பிறகு ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். ‘சரியாகிவிட்டது, அறுவடை முடியட்டும் பார்த்துக்கலாம்’ என்போம். வலி நின்றதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே நரம்பு செத்துவிட்டதுதான். கிருமி அங்கிருந்து வேரின் வழியாகத் தாடை எலும்புக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

பல் உடைந்தவுடன் செய்ய வேண்டியவை

1. உடைந்த துண்டை விழுங்காமல் துப்பி எடுத்துவையுங்கள். மருத்துவரிடம் காட்டலாம்.

2. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாக வாய் கொப்பளியுங்கள்.

3. இரத்தம் வந்தால் சுத்தமான துணியைச் சுருட்டி வைத்துப் பத்து நிமிடம் கடித்துப் பிடியுங்கள்.

4. கன்னம் வீங்கினால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வெளிப்புறமாக ஒத்தடம் கொடுங்கள்.

5. உடைந்த முனை நாக்கையோ கன்னத்தையோ கிழித்தால், சர்க்கரை இல்லாத சூயிங்கம் அல்லது சுத்தமான மெழுகைச் சிறிது உருட்டி அந்த முனையை மூடிவையுங்கள். இது மருத்துவரைப் பார்க்கும்வரைதான்.

6. அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். மிகச் சூடு, மிகக் குளிர்ச்சி, இனிப்பு ஆகியவற்றைத் தவிருங்கள்.

7. வலி இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில் பல் மருத்துவரைப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

எருக்கம்பால் வைப்பது நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அது ஈறையும் நாக்கையும் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிராம்பு எண்ணெய் தற்காலிகமாக வலியை மரக்கச் செய்யும். ஆனால் அளவு மிஞ்சினால் அதுவும் ஈறைச் சுடும், சொத்தையை ஆற்றாது. புகையிலை அடக்குவது, ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைப்பது, பெட்ரோல் தொட்டு வைப்பது எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையிலேயே வாரக்கணக்கில் ஓட்டுவதும் வேண்டாம். சிறுநீரகம், வயிறு இரண்டுக்கும் அது கெடுதல். முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை நீங்கள் சாப்பிடக் கூடாது.

சொத்தைப் பல்லைப் பூச்சிப் பல் என்று சொல்வதால், உள்ளே புழு இருப்பதாக நம்பி, கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் புழு எடுக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. பல்லுக்குள் புழு கிடையாது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

எக்ஸ்ரே எடுத்து, உடைப்பு எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். சிகிச்சை அதைப் பொறுத்தது.

ஓரம் மட்டும் சிதறியிருந்தால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள் அல்லது பல் நிறத்திலேயே பூசி ஒட்டுவார்கள். டென்டின்வரை போயிருந்தால், அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைப்பார்கள். தென்னையில் ஓட்டையைச் சுத்தம் செய்து மருந்திட்ட பிறகுதானே அடைக்கிறோம்? இங்கேயும் அப்படித்தான். பல் சுவர் பெரும்பகுதி போயிருந்தால் கேப். நரம்புவரை கிருமி போயிருந்தால் வேர் சிகிச்சை செய்து, அதன் மேல் கேப். ஈறுக்குக் கீழே வேர்வரை நெடுக்காகப் பிளந்திருந்தால் எடுப்பதுதான் வழி.

எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. காலி இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், மெல்லும் வேலை முழுவதும் ஒரு பக்கம் விழும். செலவும் இதே படிக்கட்டில்தான் ஏறும். சின்னக் குழியை அடைப்பது எல்லாவற்றையும்விட மலிவு. வேர் சிகிச்சையும் கேப்பும் அதைவிடப் பல மடங்கு. பல்லை எடுத்துவிட்டுச் செயற்கைப் பல் நிலையாகக் கட்டுவது அதற்கும் மேல். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் அரசு பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. உங்கள் பகுதி விவரத்தை 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், கர்ப்பமாக இருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல் எடுக்கப் போகிறோம் என்று நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

• கன்னம் அல்லது தாடைக்குக் கீழே வீக்கம், கூடவே காய்ச்சல்

• வாயைத் திறக்க முடியாமை

• விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல்

• வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவுதல்

இவை சீழ் பரவுவதற்கான அடையாளங்கள். தாடைக்கடியில் பரவும் சீழ் மூச்சுக்குழலை நெருக்கி உயிரையே எடுத்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 108 ஆம்புலன்சைக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

வரும்முன் காக்க

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவு துலக்குவதை விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும். டீயைக் குறைக்க முடியாவிட்டால் சர்க்கரையைக் குறையுங்கள், குடித்ததும் தண்ணீரால் கொப்பளியுங்கள். வயலுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். மாதம் ஒரு நாள் வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துக் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். வயலில் வரப்பைச் சுற்றி வந்து பூச்சி பார்ப்பதில்லையா? அப்படித்தான். கறுப்புப் புள்ளி, குழி, உணவு அடிக்கடி சிக்கும் இடம், கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுருக்கென்று வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல்லைக் கருவியாக்குவதையும் நிறுத்துங்கள். பூச்சிக்கொல்லிப் பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது, அடைத்துக்கொண்ட தெளிப்பான் முனையை வாயால் ஊதுவது இரண்டும் பல்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கே கேடு. பையில் ஒரு கத்திரிக்கோலும் ஒரு பழைய பல்துலக்கியும் வைத்திருங்கள். விதைநேர்த்தி செய்த விதையைக் கடித்துப் பார்க்கவே கூடாது.

நெல்லின் பதம் பார்க்க வேறு வழி இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் கேட்கும் ஈரப்பதம் 17 சதவீதம், விதைநெல்லுக்கு 13 சதவீதம். பல்லால் அதைச் சரியாகச் சொல்ல முடியாது. ஈரப்பதமானி வைத்திருப்பவர்களிடம் அளந்து பாருங்கள். இல்லையென்றால் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி நெல்லையும் சிறிது உலர்ந்த தூள் உப்பையும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் சேமிப்புக்கு இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் ஏறக்குறைய 15 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று பொருள்.

வாசகர் கேள்விகள்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்கிறார்களே?

போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மரத்துப் போகும் ஊசியால் முகத்தில் ஒரு பக்கம் சில மணி நேரம் கனமாக இருக்கும். அந்த உணர்வுதான் இந்தப் பயத்துக்குக் காரணம். சொத்தையைச் சீழ் பிடிக்கும்வரை வைத்திருந்தால், அதுதான் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும் பரவக்கூடும்.

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் ஊரில் பலருக்குப் பல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருக்கிறது. மாடுகளுக்கும் அப்படியே. இதுவும் சொத்தையா?

உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் முளைப்பதற்கு முன்பே, குழந்தைப் பருவத்தில் அந்த நீரைக் குடித்தால் எனாமல் சரியாக உருவாகாமல் கறை படியும். கடுமையாக இருந்தால் குழி விழுந்து சிதறவும் செய்யும். கால்நடைக்கும் இது வரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஃபுளோரைடு இருக்கலாம். வேறு நீர் கிடைக்காவிட்டாலும் 1.5க்கு மேல் கூடாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்ட நீரையே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மாடு முட்டிப் பல் முழுதாக விழுந்துவிட்டால்?

பெரியவர்களின் நிலைப்பல் என்றால் திரும்ப வைக்க முடியும். வேர்ப் பகுதியைத் தொடாமல், மேல் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். காய்ச்சி ஆறிய பாலிலோ பாக்கெட் பாலிலோ போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். குழந்தைகளின் பால்பல்லைத் திரும்ப வைப்பதில்லை.

வெற்றிலை பாக்கு போடுகிறேன். பல் தேய்ந்து கூர்மையாகிவிட்டது. வாயில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது.

பாக்கு பல்லைத் தேய்த்து விரிசல் விடவும் வைக்கும். அதைவிட முக்கியம் அந்தப் புண். பாக்கு, புகையிலை இரண்டும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது எதுவாக இருந்தாலும் இந்த வாரமே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். கூர்மையான பல்லையும் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். பாக்கை இன்றோடு விட்டுவிடுங்கள்.